டிரெயில் சைக்கிள் சொன்ன பேச்சு கேட்கவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பின்பக்கம் 120 முதல் 140 மி.மீ. வரை அமுங்கும் சஸ்பென்ஷன், முன்னால் அதைவிடப் பத்து மி.மீ. கூடுதல், கிராங்க் மையத்திலிருந்து பின் அச்சு வரை 430-435 மி.மீ. என்று குட்டையான பின்பகுதி, 35 முதல் 50 மி.மீ. வரை ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு). மலைப் பாதையில் துள்ளி விளையாடும் டிரெயில் சைக்கிள் என்று ஓட்டுபவர்கள் சொல்வது ஏறக்குறைய இந்த அளவுகளைத்தான். சாண்டா குரூஸ் 5010 இந்த ரகம்: பின்னால் 130, முன்னால் 140.

இதன் குணமே முன்பக்கம் லேசாக இருப்பதுதான். அதனால்தான் சின்ன மேட்டில்கூட எழும்புகிறது. அதே காரணத்தால்தான் வளைவில் முன்சக்கரம் நழுவுகிறது, செங்குத்து ஏற்றத்தில் அலைகிறது. ஆகவே எது குணம், எது கோளாறு என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் ஆலன் கீயை எடுக்க வேண்டும். நண்பர்களின் சைக்கிள்களை வாரக்கடைசிகளில் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: புது ஃபோர்க் (முன்சக்கர சஸ்பென்ஷன்) வாங்கலாமா என்று கேட்டு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை காற்றிலும், திருகை நாலு கிளிக் திருப்புவதிலும் முடிந்துவிடும்.

ஷாக்குக்கும் (பின் சஸ்பென்ஷன்) ஃபோர்க்குக்கும் காற்றடிக்கும் ஷாக் பம்ப், தனியான டயர் கேஜ், ஆலன் கீ செட், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், ஒரு ஸ்கேல் வேண்டும். ஃப்ளோர் பம்ப்பில் ஒட்டியிருக்கும் மீட்டரை நம்ப வேண்டாம். 20-25 பி.எஸ்.ஐ. பக்கத்தில் அவை பொய் சொல்வது சகஜம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் இரண்டு மூன்று நிமிடத்தில் ஓட்டி முடிக்கக்கூடிய ஒரே துண்டுப் பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். மூன்று திருகை ஒரே நேரத்தில் திருப்பினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

டயர் காற்று. 70 கிலோ எடை, 2.4 அங்குல டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 21-23, பின்னால் 24-26 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம். டியூப் போட்டிருந்தால் நாலைந்து கூட்டுங்கள், இல்லையென்றால் கல்லில் இடித்து டியூப் பஞ்சராகும்.

சேக். அதாவது நீங்கள் ஏறி நின்றதும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பது. ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஏறி, பெடல் இரண்டும் சமமாக வைத்து எழுந்து நில்லுங்கள். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும். ஷாக்கின் ரப்பர் வளையத்தை சீல் வரை தள்ளிவிட்டு, குதிக்காமல் மெதுவாக இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரத்தை அளந்து பாருங்கள். ஷாக்கின் ஸ்ட்ரோக் 50 மி.மீ. என்றால் 15 மி.மீ. 30 சதவீதம். பின்னால் 25-30, ஃபோர்க்கில் 15-20 சதவீதம் இருந்தால் போதும். 140 மி.மீ. ஃபோர்க்கில் அது 21 முதல் 28 மி.மீ.

ஷாக்கில் காற்று அடிக்கும்போது பாதி அழுத்தம் வந்ததும் நிறுத்தி, சீட்டை மெதுவாகப் பத்துத் தடவை அமுக்கிவிட்டு மீதியை அடியுங்கள். உள்ளே இரண்டு அறைகள் இருக்கின்றன, இரண்டும் சமமாக நிரம்ப வேண்டும். பம்ப்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தம் குழாயில் இருந்த காற்று, ஷாக்கின் காற்று அல்ல. மறுபடி மாட்டினால் மீட்டர் குறைத்துக் காட்டுவதும் அதனால்தான். காற்று ஒழுகுகிறது என்று பயந்து மேலும் மேலும் அடித்துவிடாதீர்கள்.

ஆட்டம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். அப்புறம் சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். எங்கேயாவது 'டொக்' என்றால் நேராக 'சத்தமும் ஆட்டமும்' பகுதிக்குப் போங்கள். ஆட்டத்தை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனைச் சரிசெய்வது வீண் வேலை.

## அறிகுறி: வளைவில் முன்சக்கரம் நழுவுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். எந்த இடத்தில் நழுவுகிறது என்று முதலில் கவனியுங்கள்.

### வளைவில் நுழையும்போதே நழுவினால்

பிரேக்கைப் பிடித்தபடியே வண்டியைச் சாய்க்கிறீர்கள். வேகத்தை நேர்ப்பாதையிலேயே குறைத்துவிட்டு, விரலை விட்டபின் சாயுங்கள். அப்படிச் செய்தும் நழுவினால் கீழே உள்ள அடுத்த கிளைக்கு வாருங்கள்.

### வளைவின் நடுவில் நழுவினால்

1. காற்று. டயர் தரையை உரசிக்கொண்டே வழுக்கினால் காற்று அதிகம், ஒரு பி.எஸ்.ஐ. குறையுங்கள். டயர் மடங்குவதுபோல நெளிந்து, பிறகு திடீரென்று விட்டால் காற்று குறைவு, ஒன்று ஏற்றுங்கள். பார்க்க இரண்டும் ஒரே வழுக்கல்தான், மருந்துதான் நேரெதிர். ரிம் ஓரத்தில் சீலன்ட் (டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும், ஓட்டை அடைக்கும் திரவம்) கசிந்த ஈரம் இருந்தால் அது இரண்டாவது வகை.

2. உங்கள் எடை எங்கே இருக்கிறது? பெரிய சைக்கிளிலிருந்து இதற்கு மாறியவர்கள் பயத்தில் பின்னால் தொங்குவார்கள். பின்பகுதி குட்டை என்பதால் கொஞ்சம் பின்னால் போனாலே முன்சக்கரம் காலியாகிவிடும். முழங்கையை வெளிப்பக்கம் மடக்கி, நெஞ்சை ஹேண்டில்பாருக்கு மேலே கொண்டுவந்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இதிலேயே பிடிப்பு வந்துவிட்டால் சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லை.

3. ஃபோர்க்கின் சேக். 15 சதவீதத்துக்கும் குறைவு என்றால் முன்பக்கம் உயரமாக நிற்கிறது. ஐந்து பி.எஸ்.ஐ. விடுங்கள்.

4. ஸ்டெம்முக்குக் கீழே உள்ள வளையங்களில் ஒன்றை மேலே மாற்றி, ஹேண்டில்பாரை 5 மி.மீ. இறக்குங்கள். காசு செலவில்லாத வேலை, பலன் உடனே தெரியும். 10 மி.மீ.க்கு மேல் இறக்க வேண்டாம், முன்சக்கரத்தைத் தூக்கும் சுகம் போய்விடும்.

5. டயர். பக்கவாட்டு ரப்பர் கட்டைகளின் அடியில் விரிசல், ஓரம் மழுங்கல் இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. நடுக்கட்டை நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், வளைவில் வேலை செய்வது ஓரக்கட்டைதான். மேக்சிஸ் மினியன் டி.எச்.எஃப். போன்ற டயர்களில் நடுக்கட்டைக்கும் ஓரக்கட்டைக்கும் இடையே இடைவெளி உண்டு. பாதி சாய்த்தால் அந்த இடைவெளியில் வழுக்கும், தைரியமாகச் சாய்த்தால் கவ்வும். தயங்கித் தயங்கி ஓட்டுபவருக்கு இடைவெளி குறைந்த டயர் பொருத்தம். புதிது வாங்குவதென்றால் முன்னால் மட்டும் மென்மையான ரப்பர் போடுங்கள். பின்னாலும் அதையே போட்டால் சீக்கிரம் தேயும், ஏற்றத்தில் இழுக்கும்.

### வளைவை விட்டு வெளியேறும்போது நழுவினால்

அவசரப்பட்டு மிதிக்கிறீர்கள். மிதித்ததும் எடை பின்னால் போய் முன்பக்கம் எழும்புகிறது. சைக்கிள் நிமிர்ந்த பிறகு மிதியுங்கள். மிதிக்காமலே நழுவினால் ஃபோர்க்கின் ரீபவுண்ட், அதாவது அமுங்கியது திரும்பி நிமிரும் வேகம், அதிகம். வளைவில் அமுங்கிய ஃபோர்க் வெடுக்கென்று நிமிர்கிறது. ரீபவுண்ட் திருகை இரண்டு கிளிக் மெதுவாக்குங்கள். வலஞ்சுழியாகத் திருப்பினால் மெதுவாகும்.

மெக்கானிக்கிடம் எப்போது? மேலே உள்ள எல்லாம் செய்தும், இடது வளைவில் நழுவுகிறது, வலது வளைவில் இல்லை என்றால். சக்கரம் நடுவில் இல்லாமலோ, ஃபிரேமோ ஃபோர்க்கோ கோணியோ இருக்கலாம். இடது வலது வித்தியாசம் பல சமயம் ஓட்டுபவரின் பழக்கமும்கூட. அதனால் முதலில் நண்பரை ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

## அறிகுறி: ஏற்றத்தில் முன்சக்கரம் எழும்புகிறது, பாதையில் நிற்காமல் அலைகிறது

இதில் பாதி, ரகத்தின் குணம். மீதியைக் குறைக்கலாம்.

சீட்டை அதன் அடியில் உள்ள கம்பிகளில் 5 முதல் 10 மி.மீ. முன்னால் தள்ளி, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். பெரும்பாலோருக்கு இதுவே போதும். அடுத்தது பின் ஷாக்கின் சேக். 33, 35 சதவீதம் என்று இருந்தால் ஏற்றத்தில் பின்பக்கம் இன்னும் அமிழ்ந்து முன்பக்கம் வானம் பார்க்கும், 27க்குக் கொண்டுவாருங்கள். ஏற்றத்துக்காக ஷாக்கை இறுக்கும் லீவர் இருந்தால் போடுங்கள். ஆனால் வேரும் கல்லும் நிறைந்த ஏற்றத்தில் அதைப் போட்டால் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுற்றும், அங்கே திறந்தே இருக்கட்டும்.

பிறகு ஃபிளிப் சிப். லிங்க்கிலோ ஷாக் மாட்டும் இடத்திலோ திருப்பிப் போடக்கூடிய சின்ன உலோகத் துண்டு அது. அதை உயர நிலைக்கு மாற்றினால் ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம் பல சைக்கிள்களில் அரை டிகிரிக்குள் நிமிரும், சீட் கோணமும் அதே அளவு நிமிரும், அலைச்சல் குறையும். போல்ட்டை டார்க் ரெஞ்ச்சால் மட்டும் இறுக்குங்கள், கையேட்டில் எண் இருக்கும்.

கடைசியாக ஹெட்செட், அதாவது ஹேண்டில்பாரோடு ஃபோர்க் திரும்ப உதவும் பேரிங் தொகுப்பு. ஹேண்டில்பார் நேர்நிலையில் சிக்கி நிற்பதுபோல இருந்தால் பேரிங்கில் குழி விழுந்திருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கி இரு பக்கமும் மெதுவாகத் திருப்பினால் அந்தத் தடை கையில் தெரியும். பேரிங் மாற்ற வேண்டியதுதான். பேரிங்குகள் கையாலேயே வெளியே வரும் வகை ஹெட்செட் என்றால் நீங்களே மாற்றலாம். கையால் வரவில்லை, கிண்ணங்களையே மாற்ற வேண்டும் என்றால் கடைக்கு.

## அறிகுறி: குதித்தால் பின்பக்கம் தூக்கி எறிகிறது

இது ஆபத்தானது. சரிசெய்யும்வரை குதிக்காதீர்கள்.

நடைபாதை விளிம்பிலிருந்து சீட்டில் உட்கார்ந்தபடியே மெதுவாக இறங்கிப் பாருங்கள். பின்பக்கம் அமுங்கி, ஒரு தடவை மேலே வந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் ரீபவுண்ட் வேகம் அதிகம். பல ஷாக்குகளில் சிவப்புத் திருகு அதற்கானது. ஒவ்வொரு கிளிக்காக மெதுவாக்கி மறுபடி இறங்குங்கள்.

ரீபவுண்ட் சரியாக இருந்தும் எறிந்தால், ஷாக் கடைசிவரை போய் இடிக்கிறதா என்று ரப்பர் வளையத்தைப் பாருங்கள். சின்னக் குதிப்பிலேயே வளையம் கடைசிக்குப் போய்விட்டால், முதலில் சேக்கைச் சரிபாருங்கள். சேக் சரி என்றால் காற்று அறைக்குள் ஒரு வால்யூம் ஸ்பேஸர் (அறையின் இடத்தைக் குறைக்கும் பிளாஸ்டிக் துண்டு) கூட்டுங்கள். கடைசிப் பகுதி மட்டும் இறுகும், தொடக்கம் மாறாது. காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அப்புறம் உங்கள் கால்கள். டிராப்பர் போஸ்ட்டை (ஓடும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் தண்டு) இறக்காமல் குதித்தால் சீட் பின்னாலிருந்து தள்ளும். முழங்காலை விறைப்பாக வைத்தாலும் அதேதான்.

மெக்கானிக்கிடம் எப்போது? ரீபவுண்ட் திருகை முழுக்கத் திருப்பியும் வித்தியாசமே இல்லையென்றால். ஷாக்கை அமுக்கும்போது 'சளக் சளக்' என்று கேட்டால். ஷாக் தண்டில் எண்ணெய் வழிந்தால். அமுங்கிய ஷாக் முழு நீளத்துக்குத் திரும்பி வராமல் சிக்கி நின்றால் அதைத் திறக்கவே கூடாது. காற்றை விட்டாகிவிட்டது என்று நினைப்பீர்கள், ஆனால் ஓர் அறையில் அழுத்தம் மிச்சம் இருக்கும், மூடி தோட்டா மாதிரிப் பறக்கும். அப்படியே கழற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி: சைக்கிளில் உயிரே இல்லை, துள்ளவில்லை

பன்னி ஹாப் (இரு சக்கரத்தையும் தூக்கித் துள்ளுவது) எடுக்க முடியவில்லை, மேனுவல் (மிதிக்காமல் பின்சக்கரத்தில் மட்டும் ஓடுவது) வரவில்லை, மேட்டில் ஏறினால் எழும்பாமல் ஒட்டிக்கொள்கிறது. துள்ளுவதற்கென்றே வாங்கிய வண்டியில் இது வந்தால் கோபம் நியாயம்தான்.

எளிதிலிருந்து தொடங்கலாம். பின் ரீபவுண்ட் மிக மெதுவாக இருக்கலாம். மேலே சொன்ன நடைபாதைச் சோதனையில் ஆட்டமே இல்லாமல் பின்பக்கம் சோம்பலாக எழுந்தால் இரண்டு கிளிக் வேகமாக்குங்கள். அடுத்து சேக். 30ஐத் தாண்டியிருந்தால், நீங்கள் அமுக்கும் விசையெல்லாம் ஷாக்கிலேயே கரைந்துவிடும். 25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் பல சைக்கிள்கள் வேறு வண்டியாகவே மாறிவிடும். என்னைக் கேட்டால், இந்த ரகத்துக்கு 27ஐத் தாண்டவே வேண்டாம். 30 என்பது நீண்ட சஸ்பென்ஷன் வண்டிகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

குறைவேகக் கம்ப்ரெஷன் திருகு (ஷாக் மெதுவாக அமுங்குவதைத் தடுப்பது) இருந்தால் இரண்டு கிளிக் கூட்டுங்கள். பெரும்பாலும் நீலத் திருகு.

பிறகு சக்கரத்தின் எடை. டவுன்ஹில்லுக்கான தடித்த டயர், உள்ளே நுரை வளையம், இரண்டு வருடமாக ஊற்றி ஊற்றிக் காய்ந்த சீலன்ட். இவை சேர்ந்தால் பின்சக்கரம் கல்லாகிவிடும். டயரைக் கழற்றிக் காய்ந்த சீலன்ட்டை உரித்தெடுங்கள். உங்கள் பாதையில் கூர்மையான பாறை இல்லையென்றால் நுரை வளையத்தை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

முன்சக்கரம் மட்டும் எழும்பவில்லை, பின்பக்கம் சரி என்றால் ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கிறது. வளைவுக்காக இறக்கியதில் பாதியை இங்கே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் உயரம் உங்களுக்கென்று இருக்கும், அது தேடித்தான் கிடைக்கும்.

## அறிகுறி: கல் பாதையில் கை மரத்துப்போகிறது

### இறக்கம் தொடங்கும்போதே கடினமாக இருந்தால்

டயர் காற்று அதிகம், அல்லது ஃபோர்க் காற்று அதிகம். இரண்டும் சரி என்றால் ஃபோர்க் உள்ளே வறண்டிருக்கிறது. சைக்கிளைத் தலைகீழாக ஓர் இரவு நிறுத்திவையுங்கள். மறுநாள் ஃபோர்க் மிருதுவாக இருந்து, சில மணி நேர ஓட்டத்தில் மறுபடி கடினமானால் கீழ்க்கால் (ஃபோர்க்கின் கீழே உள்ள தடித்த குழாய்) எண்ணெய் தீர்ந்துவிட்டது. ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால் சர்வீஸ் செய்யச் சொல்கிறது. மழையிலும் சேற்றிலும் ஓட்டுபவர்கள் அதற்கும் முன்பே செய்யலாம்.

### போகப்போகக் கடினமானால்

ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது. ஒரு கல்லில் அமுங்கிய ஃபோர்க் நிமிர்வதற்குள் அடுத்த கல் வருகிறது, பத்துக் கல்லில் ஃபோர்க் அடியிலேயே தங்கிவிடுகிறது. இரண்டு கிளிக் வேகமாக்குங்கள். இதைக் காற்று அதிகம் என்று நினைத்துக் காற்றை இறக்குபவர்கள் நிறைய. இறக்கினால் இன்னும் மோசமாகும்.

### கோவையில் சரியாக இருந்தது, ஊட்டியில் கடினமாகிவிட்டது என்றால்

கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. அந்த உயரத்துக்கே மீட்டர் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். மேலே குளிராக இருந்தால் அதில் ஒன்றிரண்டு திரும்பக் குறையும். டயர் காற்றை மேலே போய், வண்டியை இறக்கி வைத்து, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

ஃபோர்க்கின் கீழ்க்காலுக்குள் சிக்கிய காற்றும் இதே போல விரியும். 2021 மாடலிலிருந்து ஃபாக்ஸ் 36 ஃபோர்க்குகளில் கீழ்க்காலின் பின்பக்கம் இரண்டு சின்ன பட்டன்கள் உண்டு. அமுக்கினால் காற்று வெளியேறும். பட்டன் இல்லாத ஃபோர்க்கில் சிலர் கேபிள் டையை சீலுக்குள் நுழைத்துக் காற்றை விடுவார்கள். சீல் கிழிந்தால் செலவு பெரிது. நான் செய்வதில்லை.

## அறிகுறி: பெடல் கல்லில் இடிக்கிறது

சேக்கைக் குறையுங்கள், ஃபிளிப் சிப்பை உயர நிலைக்கு மாற்றுங்கள். தீரவில்லையென்றால் 170 மி.மீ. கிராங்க்குக்குப் பதில் 165 போடலாம், ஆனால் அதற்கு முன் பாறை வரும் இடத்தில் மிதிக்காமல் அரைச் சுற்று முன்பின் ஆட்டிக் கடக்கப் பழகுங்கள். இது இலவசம்.

## அறிகுறி: சத்தமும் ஆட்டமும், வளைவில் பின்பக்கம் நெளிகிறது

வரிசையாகப் பாருங்கள். இரு சக்கர அச்சுகளும் இறுக்கமா? முன் பிரேக் சோதனையில் ஹெட்செட்டின் மேல் மூடிக்கும் ஃபிரேமுக்கும் இடையில் விரல் வைத்தால் அசைவு தெரிகிறதா? தெரிந்தால் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் மூடி போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஆட்டம் நின்றதும் ஸ்டெம்மை நேராக்கி, பக்க போல்ட்டுகளை ஸ்டெம்மில் எழுதியுள்ள அளவுக்கு இறுக்குங்கள். பெரும்பாலும் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர். பக்க போல்ட்டைத் தளர்த்தாமல் மேல் மூடியை மட்டும் இறுக்கினால் ஒன்றும் நடக்காது, உள்ளே அந்த போல்ட் பிடித்திருக்கும் நட்சத்திர நட்டு பிய்ந்து வரும்.

சக்கரத்தின் மேல் பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஹப் பேரிங். ஸ்போக்ஸை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்குங்கள். தொளதொளவென்று இருந்தால் சக்கரம் வளைவில் நெளியும், கோட்டம் எடுக்க வேண்டும். நம் ஊர் சாதாரண சைக்கிள் கடைக்காரரே இதை நன்றாகச் செய்வார்.

பின்சக்கரத்தைத் தூக்கும்போது வரும் 'டொக்' எங்கிருந்து என்று கண்டுபிடிக்க ஒருவர் தூக்கட்டும், நீங்கள் ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வையுங்கள். ஷாக்கின் இரு முனைகளில் என்றால் புஷ் (உள்ளே இருக்கும் உராய்வு வளையம்) தேய்ந்திருக்கிறது, மலிவான பாகம். பிவட்டில் (பின்பகுதி மடங்கும் மூட்டு) என்றால் முதலில் போல்ட்டை உரிய அளவுக்கு இறுக்குங்கள். அப்படியும் ஆடினால் பேரிங். அதை அழுத்தி இறக்கும் கருவி இல்லாமல் சுத்தியலால் அடிக்காதீர்கள். ஃபிரேமின் துளை பெரிதாகிவிட்டால் ஃபிரேமே போச்சு.

ஓட்டுவதை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கிடம் போக வேண்டியவை: ஃபிரேமின் ஒட்டு மூலையில் மயிரிழை விரிசல். கார்பன் ஃபிரேமைத் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் சத்தம் மொத்தையாகக் கேட்பது. முன் பிரேக் பிடித்து அமுக்கும்போது ஃபோர்க்கின் தோள் பகுதியில் 'கிரீச்'. ஹெட்செட் இறுக்கமாக இருந்தும் ஃபோர்க்கின் மேல்காலும் கீழ்க்காலும் சேரும் இடத்தில் ஆட்டம், அது உள் புஷ். இவை எதுவும் வீட்டில் சரியாகாது.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் ஷாக், ஃபோர்க் இரண்டின் காற்று அழுத்தத்தையும், ரீபவுண்டை முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்பதையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி சீட்டின் அடியில் ஒட்டிவிடுங்கள். வண்டி திரும்பி வரும்போது எல்லாத் திருகும் வேறு இடத்தில் இருக்கும், காற்றும் யாரோ ஒருவரின் எடைக்கு அடித்திருக்கும். டேப்பைப் பார்த்துத் திருப்பி வைத்து, சேக்கை மறுபடி அளந்த பிறகே டிரெயிலில் இறக்குங்கள். புது சீல் போட்டிருந்தால் முதல் சில மணி நேரம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், அதற்காகக் காற்றைக் குறைக்க வேண்டாம்.